சுவரில் ஜூலியன், படிக்கட்டில் சுகிர்தன்

ஒருவன் சலவை மெஷினை நாலாம் மாடியிலிருந்து எப்படி இறக்குகிறான் என்று பார்த்தால், அவன் மைதானத்தில் எப்படி ஓடுவான் என்று நான் சொல்லிவிடுவேன். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் வீடு மாற்றிக் கொடுக்கிற கொம்பனி ஒன்றில் இருபது வருசத்துக்கு மேலாகச் சாமான் தூக்குகிறேன். முதலாளி ஜூலியன். என்னோடு சேர்ந்து தூக்குகிறவன் சுகிர்தன். ஜூலியன் ஒரு காலத்தில் எங்கள் பட்டணத்துக் கிளப்பின் பெரிய ஓட்டக்காரன். சுகிர்தன் இன்றைக்கு அதே கிளப்பில் அதே இடத்தில் ஓடுகிறவன். இரண்டு பேரில் யார் திறம் என்று தமிழ்க்கடையிலும் கேட்கிறார்கள், கிளப் வீட்டிலும் கேட்கிறார்கள். இரண்டு பேரையும் மைதானத்திலும் படிக்கட்டிலும் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறார்கள்.

விளையாட்டு அமெரிக்கன் ஃபுட்போல். காலால் உதைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பந்து முட்டை மாதிரி இருக்கும், கையில் அணைத்துக்கொண்டு ஓடவேண்டும். எதிரே பதினொரு பேர் நின்று மறிப்பார்கள். அவர்களுக்குள்ளால் புகுந்து கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். அப்படிப் புகுந்து ஓடுவதையே வேலையாக வைத்திருக்கிறவனை ரன்னிங் பேக் என்பார்கள். ஸ்டுட்கார்ட்டில் அமெரிக்கப் பட்டாளம் நெடுங்காலமாக இருக்கிறபடியால் இந்தப் பக்கத்துச் சின்னப் பட்டணங்களிலும் இது ஊறிப்போய்விட்டது. எங்கள் கிளப்பின் சின்னம் ஒரு காட்டெருமைத் தலை. நம்முடைய ஆட்களுக்கு 'எருமைக் கிளப்' என்றால்தான் தெரியும்.

ஜூலியன் ஆறடிக்கு மேல். சலவை மெஷின் முன்னால் நின்று யோசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. பட்டியைத் தோளில் கொழுவுவான், முதுகில் ஏற்றுவான், இறங்குவான். வழியில் நிற்கிறவர்கள் விலகவேண்டும். சுவர் விலகாவிட்டால் சுவருக்குத்தான் காயம். மைதானத்திலும் அப்படியேதான் ஓடினான். அவனை மறிக்கப் போனவர்கள் அடுத்த நாள் வேலைக்குப் போகமாட்டார்கள் என்று ஒரு கதை இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனி ஞாயிறுகளில் என்னையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போவான். விளையாட்டு விளங்கவில்லை. ஆனால் அவன் பந்தோடு கிளம்பினால் சனம் எழுந்து நிற்கும், நானும் எழுந்து நிற்பேன்.

சுகிர்தன் வேறு மாதிரி. ஆள் கட்டை. முதலில் வெறுங்கையோடு படியேறுவான். எந்த வளைவு ஒடுக்கம், எந்த மாடியில் யாருடைய சைக்கிள் நிற்கிறது, கைப்பிடி எங்கே ஆடுகிறது, எல்லாம் பார்த்துக்கொண்டு இறங்கி வருவான். பிறகு தூக்குவான். தூக்கினால் கீழே வந்துதான் நிற்பான்.

"சுக்கி, மெஷினோட கதைச்சு முடிஞ்சுதோ?" என்று ஜூலியன் கீழேயிருந்து கத்துவான். அவன் கத்துவது ஜெர்மனில். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"முடியேல்லை ஷெஃப். உங்களைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறம்." வேலையிடத்தில் முதலாளியை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம்.

மைதானத்திலும் பந்து கைக்கு வந்ததும் அரை மூச்சு நிற்பான். முதல்முறை பார்க்கிறவர்கள், பெடியன் பயந்துபோனான் என்று நினைப்பார்கள். எங்கேயோ இரண்டு தடியன்களுக்கு நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி விழும். அடுத்த கணம் அவன் அந்தப் பக்கம் நிற்பான்.

இங்கேயே பிறந்த பிள்ளை. தகப்பன் பேக்கரியில் இரவு வேலை செய்தவர், சுகிர்தன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வருத்தம் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். தாய் கமலநாயகி அக்கா ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்று வளர்த்தா. பதினாறு வயதில் எருமைக் கிளப்புக்குப் போனான். பயிற்சியாளர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை, பார்க்க அவ்வளவு இருக்கவில்லை. இரண்டு பருவம் வாங்கிலில் உட்கார வைத்தார்கள். அவன் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. முதுகுப்பையில் நிலத்துக்கு ஒட்டுகிற ஓடுகளை நிரப்பிக்கொண்டு ஸ்டுட்கார்ட் மலைச்சரிவுப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினான். மழையிலும் ஏறினான், பனியிலும் ஏறினான். மூன்றாவது பருவத்தில் ஓட விட்டார்கள். அதற்குப் பிறகு அவனை வாங்கிலில் இருத்த ஒருவருக்கும் துணிவில்லை.

அக்கா முதல் ஆட்டத்துக்கு வந்தா. மகனுக்கு மேலே ஆறு பேர் விழுந்ததைக் கண்டா. எழும்பி வீட்டுக்குப் போய்விட்டா. பிறகு வருசக்கணக்காக மைதானப் பக்கமே வரவில்லை. தொழிற்சாலையில் தொடங்கிய அவுஸ்பில்டுங்கை, அதாவது தொழிற்பயிற்சியை, மாறி மாறி வருகிற வேலை நேரம் பயிற்சிக்கு ஒத்துவரவில்லை என்று அவன் பாதியில் விட்டபோது, ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. நான்தான் ஜூலியனிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு அக்காவிடம் எனக்கும் ஏச்சு விழுந்தது.

"அலுமாரி தூக்கவோ நான் இவனைப் பெத்தனான்?"

"இதுக்கும் இஞ்சை அவுஸ்பில்டுங் இருக்கு அக்கா. மூண்டு வருசம். சோதினை எல்லாம் வைக்கிறாங்கள்."

"அலுமாரி தூக்கிறதுக்குச் சோதினை வைக்கிற நாடு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினா. அவன் அந்தச் சோதினையையும் எழுதிப் பாஸ் பண்ணினான்.

இப்போது சுவருக்கு வருகிறேன். கிளப் வீட்டில், பியர் ஊற்றுகிற மேசைக்குப் பின்னால், ஒரே ஒரு பெரிய படம். ஜூலியன் ஆகாயத்தில் கிடக்கிறான். கீழே கோடு, கையில் பந்து, பின்னால் வாய் பிளந்த சனம். படத்துக்குக் கீழே, ஒரு பருவத்தில் பத்தொன்பது டச்டவுன் என்று பித்தளையில் வெட்டியிருக்கிறது. அதைத் தாண்டுகிறவனுக்கு அந்த இடம் என்பது கிளப்பின் பழைய பேச்சு. பத்து வருசமாகச் சுகிர்தன் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றான். நல்ல ஓட்டம் ஓடிவிட்டு வந்தாலும் யாரோ ஒரு கிழவன் தோளில் தட்டி, "திறம் சுக்கி. ஆனால் ஜூலியன் இல்லை," என்பான். அவன் தலையாட்டிவிட்டுத் தின்பான். தலையாட்டுகிற விதத்தில் எனக்குத் தெரியும், இவன் அந்தச் சுவரை விடப்போவதில்லை என்று.

ஒருநாள் லொறியில் மூன்று பேரும் போய்க்கொண்டிருந்தோம். சுகிர்தன் நடுவில்.

"ஷெஃப், அந்தப் படத்தில மூலையில மணிக்கூடு தெரியுது."

"தெரியட்டும்."

"ஆட்டம் முடிய இன்னும் ஒண்டரை நிமிசம் எண்டு காட்டுது. நீங்கள் போட்ட பிறகு என்ன நடந்தது?"

ஜூலியன் சிவப்பு விளக்கில் லொறியை நிறுத்தினான். "பந்து அவங்களுக்குப் போச்சு. அவங்களும் ஓடிவந்து போட்டாங்கள். ஒரு புள்ளியால தோத்தம். கிளப் ஒரு படி கீழ இறங்கினது," என்றான். ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

நானும் அன்றைக்கு அங்கே நின்றவன். எனக்கே அந்தத் தோல்வி மறந்துபோயிருந்தது. ஊரே அந்தப் பாய்ச்சலைத்தான் வைத்திருந்தது.

போன பருவத்தில் சுகிர்தன் பத்தொன்பதுக்கு வந்துவிட்டான். கடைசி ஆட்டம் ஒன்று மிச்சம். அதில் தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்குப் போகும். ஆனால் நம்முடைய ஆட்களுக்குக் கீழ்ப்பிரிவு மேல்பிரிவு எல்லாம் கணக்கில்லை. இருபது என்கிற ஒன்றுதான் கணக்கு.

தமிழ்ச் சங்கத் தலைவர் விஜயரத்தினம் அண்ணை அந்த ஞாயிறு மாலைக்கே மண்டபம் எடுத்துவிட்டார். பொன்னாடை வாங்கியாயிற்று. கேக் செய்கிற மிதுசாவிடம் நீல ஐசிங்கில் எருமைத்தலையும் அதற்குக் கீழே பெரிதாக 20 என்றும் போடச் சொல்லியாயிற்று. சுகிர்தனுக்கு இது வெள்ளிக்கிழமைதான் தெரியும். நானும் அவனும் வேலை உடுப்போடு தமிழ்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து சொன்னார்.

"மாமா, நான் இன்னும் போடேல்லை," என்றான்.

"போடாமல் விடுவியோ? ஒண்டுதானே."

"விழாவை அடுத்த கிழமை வைக்கலாமே."

"அடுத்த கிழமை மண்டபத்தில கலியாணம். அதுக்கடுத்த கிழமை நடன அரங்கேற்றம். எனக்கு இந்த ஒரு டெர்மின்தான் கிடைச்சது. நீ அதுக்கேத்த மாதிரி ஓடு."

எங்கள் சனத்தில் மண்டபம் கிடைக்கிற நாள்தான் சாதனை நாள். பொன்னாடை போர்க்கும்போது தாய் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அக்காவையும் மைதானத்துக்கு வர அண்ணை சம்மதிக்க வைத்திருந்தார்.

ஜூலியனிடம் நான் நேரே கேட்டேன். "அவன் தாண்டினால் உனக்கு எப்பிடி இருக்கும்?"

"கை தட்டுவன். ஆனால் தாண்டக்கூடாது எண்டுதான் எனக்கு ஆசை. முகத்துக்கு நேரயும் சொல்லிப்போட்டன்."

"அவன் என்ன சொன்னவன்?"

"'ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொள்ளுங்கோ ஷெஃப்' எண்டான்."

ஞாயிறு பிற்பகல் நல்ல வெயில். வேலியோரம் நான், எனக்கு ஒரு பக்கம் ஜூலியன், மறுபக்கம் கமலநாயகி அக்கா. அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. நம்முடைய ஆட்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். விஜயரத்தினம் அண்ணை கோட்டும் சூட்டும், கையில் பொன்னாடைப் பை.

சுகிர்தனை அன்றைக்கு விடவில்லை. எதிர்க் கிளப்புக்காரர் அவனுக்கென்றே மூன்று பேரை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளி விழுமுன்னமே அமுக்கினார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினா. அவன் ஒவ்வொன்றிலும் எழும்பினான். இடது பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு எழும்பினான், பிறகு பிடிக்காமல் எழும்பினான். மற்றவர்கள் போட்ட புள்ளிகளால் எங்கள் கிளப் ஒரே ஒரு புள்ளி முன்னுக்கு நின்றது. முடிய இரண்டு நிமிசத்துக்கும் குறைவு. பந்து எங்கள் பக்கம்.

"இனி என்ன?" என்றா அக்கா.

"பந்து எங்களட்டை இருக்கிற வரைக்கும் அவங்களால ஒண்டும் செய்ய ஏலாது அக்கா. மணிக்கூடு ஓடி முடிஞ்சால் சரி. நிப்பாட்டி வைக்கிற உரிமையையும் அவங்கள் முடிச்சுப்போட்டாங்கள்."

"அப்ப இவன் சும்மா நிண்டால் காணுமோ, போதுமோ?"

"இன்னும் கொஞ்சத் தூரம் முன்னுக்குப் போகவேணும். இல்லாட்டில் பந்து கைமாறிப்போம்."

பந்தைச் சுகிர்தனிடம் கொடுத்தார்கள். அவன் நின்றான். அந்த அரை மூச்சு. மூன்று பேரும் அவன் எப்போதும் போகிற வலது பக்கம் பாய்ந்தார்கள். அவன் இடது பக்கத்தால் வெளியே வந்தான். முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் புல்லும், கோடும்.

நம்முடைய ஆட்கள் போட்ட சத்தம் சொல்லி மாளாது. விஜயரத்தினம் அண்ணை வேலியோரமாக அவனுக்குச் சமாந்தரமாக ஓடினார். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் போய், பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஒரு காலை வேலிக்கு மேலால் போட்டுவிட்டார். அந்த வயதில் அந்தச் சூட்டோடு அது பெரிய விசயம்.

எனக்குப் பக்கத்தில் ஜூலியன் கத்தவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்தபடி, மெதுவாக, "விழு," என்றான். "விழு, விழு."

சுகிர்தனுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. கோடு வந்தது. பொன்னாடை அவன் முகத்துக்கு நேரே. கோட்டுக்கு ஒரு அடி இருக்க அவன் கால்களை மடக்கி, பந்தை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டு, புல்லில் படுத்துவிட்டான். துரத்திவந்தவன் ஒருத்தன் மேலே கை வைத்தான். நடுவர் விசில் ஊதினார்.

அக்கா என் கையைப் பிடித்தா. நகம் இறங்கியது. "ஆர் தள்ளினது? நெஞ்சு நிண்டுபோச்சோ? ஏன் எழும்பேல்லை?"

"ஒருத்தரும் தள்ளேல்லை அக்கா. தானாத்தான் படுத்தவன். இப்ப போட்டிருந்தால் பந்து மற்றப் பக்கம் போயிருக்கும். இனிப் போகாது. மணிக்கூடு ஓடுது, பாருங்கோ."

அவ மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மகன் எழும்பிப் பந்தை நடுவரிடம் கொடுக்கிறதைத்தான் பார்த்தா. அதற்குப் பிறகு பந்தை வாங்கிய எங்கள் ஆள் ஒவ்வொரு முறையும் முழங்காலை நிலத்தில் குத்திக்கொண்டு இருந்தான், எதிர்க்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நேரம் முடிந்தது. ஜெர்மன்காரர் எல்லாம் மைதானத்துக்குள் இறங்கி ஓடினார்கள். நம்முடைய ஆட்கள் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி வேலியோரம் நின்றார்கள்.

விஜயரத்தினம் அண்ணை வேலியில் ஒரு காலோடு அப்படியே இருந்தார். நான் போய் இறக்கிவிட்டேன். காற்சட்டை கிழிந்திருந்தது.

"ஒரு அடி," என்றார். "தவண்டு போயிருந்தாலும் சரிவந்திருக்கும்."

மண்டபத்துக்கு எல்லோரும் போனோம். எடுத்த மண்டபத்தை விடமுடியாது, செய்த கொத்துரொட்டியையும் விடமுடியாது. ஜூலியனும் வந்தான். சுகிர்தன் விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு, தலை ஈரத்தோடு வந்தான். மேசையில் கேக் இருந்தது. மிதுசா மேசைக் கரண்டியோடு நின்று, அந்த 20ஐச் சுரண்டுவதா விடுவதா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலியன் கத்தியை எடுத்தான். "இலக்கம் இருக்கிற துண்டு எனக்கு. ஒரு கேக்கிட்டைத் தோத்தவன் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது," என்றான். நான் தமிழில் சொன்னேன். முதலில் சிரித்தது கமலநாயகி அக்கா. அவ இந்தக் கிளப் சம்பந்தமாகச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

விஜயரத்தினம் அண்ணைக்கு இன்னும் ஆறவில்லை. "தம்பி, பகிடியை விடு. உன்ரை பேர் சுவரில வந்திருக்கும். எங்கட ஆக்களின்ரை பேர். யோசிச்சனியோ?"

"அதைத்தான் யோசிச்சுக்கொண்டு ஓடினனான் மாமா," என்றான் சுகிர்தன். "பாதித் தூரம் வரைக்கும் போடுறதெண்டுதான் ஓடினனான். பிறகு மணிக்கூட்டைப் பாத்தன்."

"பாத்தால்?"

"ஷெஃப்பின்ரை படத்தில இருக்கிற அதே நேரம்."

அண்ணைக்கு அது விளங்கவில்லை. ஜூலியனுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவன் கேக்கை மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"நீ வேலியில நிண்டு விழு விழு எண்டனி," என்றேன் அவனிடம். "உன்ரை பத்தொன்பதுக்காகவோ, கிளப்புக்காகவோ?"

"ரெண்டுக்கும்தான்," என்றான். பிறகு சுகிர்தனைப் பார்த்தான். "நான் அண்டைக்கு மணிக்கூட்டைப் பாக்கவே இல்லை. இண்டைக்கு நான் ஓடியிருந்தாலும் பாத்திருக்கமாட்டன்." அவ்வளவுதான். திரும்பக் கேக்கைத் தின்றான்.

அக்கா மகனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டா. "அந்தக் கோட்டைத் தாண்ட உனக்கு ஆசை இல்லையோ அப்பன்?"

"இருந்ததம்மா. இப்பவும் இருக்கு."

"அப்ப?"

"அடுத்த வருசம். இதே பிரிவில, இதே ஆக்களோட. கீழ இறங்கிப்போய் அங்க இருபது போட்டு என்ன செய்யிறது?" பிறகு விஜயரத்தினம் அண்ணையிடம் திரும்பினான். "மாமா, பொன்னாடையை மடிச்சு வையுங்கோ. பழுதாப்போற சாமான் இல்லைத்தானே. ஆனால் மண்டபத்தை நான் போட்ட பிறகு எடுங்கோ."

"போட்ட பிறகு எடுக்க ஏலாது. இப்பவே சொல்லிவைச்சால்தான் அடுத்த வருசம் கிடைக்கும்," என்றார் அண்ணை. ஆனால் மடித்துப் பையில் வைத்தார்.

எழுதத் தொடங்கியபோது ஒரு கேள்வி இருந்தது. யார் திறம்? ஜூலியன் ஓடினதுபோல் இன்னொருத்தன் ஓடி நான் பார்க்கப்போவதில்லை. அவன் பந்தோடு கிளம்பினால் முழங்கால் தானாக நிமிரும். சுகிர்தன் ஓடும்போது அப்படி வராது. ஆனால் என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியை நாலாம் மாடியிலிருந்து இறக்கவேண்டி வந்தால் நான் ஜூலியனைக் கூப்பிடமாட்டேன். கோவிப்பான். கோவிக்கட்டும்.

அடுத்த கிழமை கிளப் வீட்டுக்குக் கதிரைகள் இறக்கப் போனோம். படம் அதே இடத்தில் இருந்தது. பித்தளைத் தகட்டுக்குக் கீழே, நாங்கள் பெட்டிகளில் 'கண்ணாடி, கவனம்' என்று எழுதி ஒட்டுகிற மண்ணிற டேப்பில் ஒரு துண்டு. தடித்த பேனாவால் ஜூலியனுடைய கையெழுத்து: இந்த ஆட்டத்தில் தோற்றோம்.

சுகிர்தன் கிட்டப் போய்ப் பார்த்தான். ஒரு மூலை கிளம்பியிருந்தது. பெருவிரலால் அழுத்தி ஒட்டினான்.

"வடிவா ஒட்டேல்லை ஷெஃப்."

"ஒரு வருசத்துக்குக் காணும்," என்றான் ஜூலியன்.

"ஓம். காணும்."

அன்றைக்குப் பின்னேரம் மூன்றாம் மாடியில் ஒரு பியானோ. ஜூலியன் கீழே பட்டியோடு நின்று கத்திக்கொண்டிருந்தான். சுகிர்தன், விலாக் கட்டு இன்னும் அவிழ்க்காமல், வெறுங்கையோடு படியேறிப் போனான்.